இரண்டு ஆடியும் ஒரு எதிர்காற்றும்

ஊரில் எல்லாப் புதுப்பெண்களுக்கும் ஒரு ஆடிதான். தாரணிக்கு மட்டும் இரண்டு வந்தது.

வைகாசியில் கல்யாணம். புருஷன் ரத்தினவேல் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அங்கேயே ஒற்றை அறை வாடகை வீடு. புது ஸ்டவ்வில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூட இன்னும் உரிக்கவில்லை, அதற்குள் அம்மா பாப்பாத்தி ஆட்டோவில் வந்து இறங்கினாள். கன்னடக்காரர்களின் ஆடியான ஆஷாடம் பிறந்துவிட்டது, புதுப்பெண் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல்லி மகளை தேவராஜ மொஹல்லாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தாரணி போகட்டும் என்று விட்டாள். மைசூரில் இருக்கிறோம், கன்னடக்காரர்கள் பஞ்சாங்கத்துக்கும் கொஞ்சம் மரியாதை கொடுக்கத்தானே வேண்டும். ஒரு மாசம். பல்லைக் கடித்துக்கொண்டால் ஓடிவிடும்.

ஓடித்தான் போனது. அமாவாசையோடு ஆஷாடம் முடிந்தது. தாய் வீட்டுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு கௌரம்மாவின் மகள், மறுநாள் காலையிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருஷனோடு கிளம்பினாள். அவளைப் பார்த்துத் தாரணியும் பெட்டியை எடுத்தாள். வாசலில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த பாப்பாத்தி தலையைக்கூடத் தூக்கவில்லை.

"எங்கடி கெளம்பிட்ட? நமக்கு ஆடி பொறந்து இப்பத்தான ஒரு வாரம் ஆகுது."

விஷயம் இதுதான். கன்னட மாசம் நிலாவைப் பார்த்து நடக்கிறது, தமிழ் மாசம் சூரியனைப் பார்த்து. இரண்டும் கொஞ்சம் முன்னே பின்னே வரும். சாதாரண மனுஷர்கள் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்படுவார்கள். இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடித்த முதல் ஆள் மைசூரிலேயே பாப்பாத்தியாகத்தான் இருக்கும்.

தாரணி விடவில்லை. ஆஷாடத்தில் மாமியாரும் மருமகளும் ஒரே வாசல்படியைத் தாண்டக் கூடாது என்பதற்காகத்தான் பிரித்து வைக்கிறார்கள் என்று கௌரம்மா சொல்லியிருந்தாள். தன் மாமியார் இருப்பதோ கொள்ளேகாலத்தில், ஆகவே அந்தப் பிரச்சினையே கிடையாது என்று வாதாடினாள். அது அவர்கள் காரணம், நம் காரணம் சித்திரையில் பிள்ளை பிறக்கக் கூடாது என்பது என்றாள் அம்மா. அப்படியென்றால் எதற்காக ஆஷாடத்தில் கூட்டிக்கொண்டு வந்தாய் என்று தாரணி மடக்கினாள். எதற்கும் இருக்கட்டும் என்றுதான் என்று பாப்பாத்தி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அப்பா கருப்புசாமி இந்த மாதிரி சமயங்களில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிற ஜாதி.

உண்மையான காரணம் சாமிக்கே தெரியும், மார்க்கெட்டில் பாதிப் பேருக்கும் தெரியும். பாப்பாத்திக்கு தேவராஜ மார்க்கெட்டில் பூக்கடை. ஆஷாட வெள்ளிக்கிழமை வந்தால் சாமுண்டி மலைக்கே பூவைக் கொட்ட வேண்டும். அது முடிந்த கையோடு வரமகாலட்சுமி பண்டிகை. வீடு வீடாகப் பூக்கூடையை சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்ப்பது கல்யாணத்துக்கு முன்னால் தாரணியின் வேலை. அவளுக்குப் பிறகு வந்த ஆள், கல்யாண வீட்டு மாலையைத் துக்க வீட்டில் இறக்கிவிட்டு வந்தவன். அவனை நம்பி வரமகாலட்சுமியைத் தாண்ட முடியாது. ஆனால் தாரணி அதைச் சொல்லிக் காட்டினால் பாப்பாத்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சம்பிரதாயம் பேசுவாள்.

இந்த நேரத்தில்தான் அந்தப் போட்டி வந்தது. ஹெப்பாள் தொழிலாளர் கிளப்பில் முதல் தடவையாக ட்ரையத்லான் நடத்தினார்கள். ஒருவன் நீந்த வேண்டும், அவன் வந்து கையில் ரிப்பன் கட்டிவிட்டதும் அடுத்தவன் சைக்கிளில் ஹுன்சூர் ரோட்டில் யெல்வால் வரை போய்த் திரும்ப வேண்டும், அவன் வந்ததும் மூன்றாவது ஆள் ஓட வேண்டும். ஆள் சேராததால் டீமில் ஒருவர் குடும்பத்து ஆளாகவும் இருக்கலாம் என்று விதியைத் தளர்த்தியிருந்தார்கள். ரத்தினவேல் சத்தேகால் ஆற்றில் நீந்தி வளர்ந்தவன். கூட வேலை செய்யும் கிரண் ஓடுவான். சைக்கிளுக்குத் தாரணியின் பெயரை ஆனியிலேயே கொடுத்தாகிவிட்டது.

பாப்பாத்தி முதலில் முடியாது என்றாள். கிளப் போர்டில் பேர் எழுதி ஒட்டியாகிவிட்டது என்று தெரிந்ததும் கொஞ்சம் இறங்கி வந்தாள். புருஷன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டாள். பிறகு, கடையில் பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, யாரும் கேட்காமல் இன்னொன்றும் சொன்னாள்.

"யெல்வால் வரைக்கும் போயிட்டு ஒரு எடத்துலயும் கால் ஊனாம திரும்பி வந்துரு. அன்னைக்கே உன் புருஷன் வீட்டுக்குப் போ. நான் ஒண்ணும் சொல்லல."

"ஊனிட்டா?"

"ஆவணி ஒண்ணாந்தேதி. அதுவரைக்கும் முணுமுணுக்காம பூ போடணும். ரேஸ்லேர்ந்து உன்னைத் தூக்கிட்டாங்கன்னாலும் அதேதான்."

இவ்வளவு தாராளம் அம்மாவிடம் எங்கிருந்து வந்தது என்று தாரணி யோசித்தாள். ஆடிக் காற்றை நம்பித்தான் சொல்கிறாள் என்று முடிவு கட்டினாள். அது பாதி சரி.

காற்று மேற்கே குடகு பக்கமிருந்து வரும். ஹுன்சூர் ரோடும் நேராக மேற்கே போகும். ஆடியில் அந்த ரோட்டில் போகிற ஆள் கோபத்தில் இருப்பது மாதிரி குனிந்தே போவான். தாரணி மறுநாளே பூக்கூடையோடு போய்ப் பார்த்தாள். பீரோவை நெஞ்சால் தள்ளிக்கொண்டு போவது மாதிரி இருந்தது. ஒரு இடத்தில் எழுந்து நின்று மிதித்தாள். உடம்பே கப்பல் பாயாக விரிந்து சைக்கிள் நின்றுவிட்டது. கால் ஊன வேண்டியதாயிற்று. நல்லவேளை, அது கணக்கில் சேராது.

அதற்குப் பிறகு தினம் காலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டாள். முன்கூடையைக் கழற்றிப் பூவைக் கேரியரில் கட்டினாள். துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டினாள், இல்லாவிட்டால் அது பின்னால் பறந்து கழுத்தைப் பிடித்து இழுக்கும். முழங்கையை விலாவோடு ஒட்டி, முகவாய் ஹேண்டில்பாரைத் தொடுகிற மாதிரி குனிந்தால் காற்று முதுகு மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். வேகமாக மிதித்துக் காற்றிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது, மாவு ஆட்டுகிற மாதிரி ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தூரத்தை நிமிர்ந்து பார்க்கவே கூடாது, பார்த்தால் அது நகராது. எதிரே பஸ் வந்தால் அது கடக்கிற நிமிஷத்தில் அறை விழும், அதற்கு முன்னால் பிடியை இறுக்காமல் தோளைத் தளர்த்த வேண்டும். இதில் அம்மாவுக்குத்தான் லாபம். பயிற்சி என்று சொல்லி அந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பூ விடிவதற்குள் போய்ச் சேர்ந்தது.

போட்டி அன்று ஞாயிற்றுக்கிழமை. நீச்சல் குளத்துக்கு வெளியே வேலியோரம் சைக்கிள்காரர்கள் வரிசையாக நின்றார்கள். பெரும்பாலும் தொழிற்சாலைப் பையன்கள், இரண்டு பேரிடம் வளைந்த ஹேண்டில் வைத்த ரேஸ் சைக்கிள். தாரணியிடம் மல்லிகை வாசம் போகாத பூ சைக்கிள். கால் ஊனுகிற கணக்கு சைக்கிள் நகர ஆரம்பித்த பிறகுதான் என்று பேச்சு. அதைக் கண்காணிக்கப் பாப்பாத்தி கௌரம்மாவை அனுப்பியிருந்தாள். கௌரம்மா தன் புருஷன் மல்லப்பனின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை ஹாலுக்கு வந்த டீச்சர் மாதிரி தாரணியின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கடையை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டதாகத் தகவல்.

ரத்தினவேல் மூன்றாவது ஆளாகக் குளத்தை விட்டு ஏறினான். முகத்தைப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையை அவன் ரொம்ப சிரத்தையாக எடுத்துக்கொண்டிருந்தான். பெரிய துண்டை முக்காடு மாதிரி முகம் முழுக்க இழுத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி ஓடி வந்தான். வந்தவன் நேராகப் போய் டயர் டிபார்ட்மெண்ட் டீமின் தடியன் ஒருவன் கையில் ரிப்பனைக் கட்ட ஆரம்பித்தான். கட்டிக்கொண்டே, உடம்பு இளைச்சுட்டியே புள்ள என்று அன்பாக வேறு சொன்னான். தடியன் கையை உதறினான். வேலியே சிரித்தது. தாரணி நாக்கைக் கடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் வாங்க என்று குரல் கொடுத்தாள். துண்டு திரும்பியது, தட்டுத் தடுமாறி வந்தது, ஈரக் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ரிப்பன் கட்டத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது.

"ஏம்புள்ள," என்றது துண்டு மெதுவாக, "ஆவணி வரைக்கும் எனக்குத் தாங்காது."

"விடுங்க, கௌரக்கா பாக்குறாங்க," என்று சொல்லிவிட்டுத் தாரணி ஏறி மிதித்தாள்.

முதல் கொஞ்ச தூரம் இரண்டு பக்கமும் பெரிய மரங்கள். காற்று மேலேயே சத்தம் போட்டுக்கொண்டு போனது. ரேஸ் சைக்கிள்காரர்கள் இரண்டு பேரும் பறந்தார்கள், அவள் கண்டுகொள்ளவில்லை. மரங்கள் முடிந்து வெட்டவெளி ஆரம்பித்த இடத்தில் காற்று அவளை நேருக்கு நேர் சந்தித்தது. சைக்கிள் ஒரு தடவை நடுங்கியது. குனிந்தாள், முழங்கையை ஒட்டினாள், மாவு ஆட்ட ஆரம்பித்தாள். சோளத்தட்டைச் சருகும் யாரோ எறிந்த பாலிதீன் பையும் முகத்தை நோக்கி வந்து, கடைசி நிமிஷத்தில் விலகிப் போயின. முன்னால் பறந்தவர்களில் ஒருவன் ரோட்டோரம் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கென்ன, எங்கே வேண்டுமானாலும் கால் ஊனலாம்.

அப்போதுதான் கௌரம்மா முன்னால் வந்தாள். அதுவரை பக்கத்தில் வந்த மொபெட், லாரிக்கு வழிவிட வேண்டி முன்னால் நகர்ந்தது. உடனே உலகமே அமைதியாகிவிட்டது. யாரோ கதவைச் சாத்தின மாதிரி காற்று நின்றது. கௌரம்மா அகலமான மனுஷி. பட்டு பார்டர் வைத்த சேலை, தோளில் ஷால், மேலே திறக்கலாமா வேண்டாமா என்று பாதி விரித்த குடை. அந்தக் கோட்டைக்குப் பின்னால் பெடல் தானாகச் சுற்றியது. தாரணிக்கு அங்கேயே குடியிருந்துவிடலாம் போல இருந்தது.

விசில் கேட்டது. ஸ்கூட்டரில் வந்த கிளப் நடுவர், இன்னொரு வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காற்றை ஏமாற்றுவது விதிக்கு விரோதம், இது முதல் எச்சரிக்கை, இரண்டாவது தடவை பார்த்தால் ஆட்டத்திலிருந்து நீக்கிவிடுவேன் என்று கன்னடத்தில் கத்திவிட்டுப் போனார். நீக்கினால் ஆவணி.

தாரணி வலப்பக்கம் விலகினாள். காலைக் கண்காணிக்க வேண்டுமே என்று மொபெட்டும் விலகி மறுபடி முன்னால் வந்தது. இடப்பக்கம் போனாள், அங்கேயும் வந்தது. வேகத்தைக் குறைத்தாள். அம்மாவின் உளவாளி கடமை தவறாதவள், மொபெட்டும் குறைந்தது. இன்னும் குறைத்தால் சைக்கிள் சாய்ந்து கால் ஊன வேண்டியதுதான்.

"கௌரக்கா, தள்ளிப் போங்க. என்னைத் தூக்கிருவாங்க."

"பேடம்மா, வேண்டாம், நான் தள்ளிப் போனா நீ கால் வெப்பே," என்றாள் கௌரம்மா, கழுத்தைத் திருப்பிச் செருப்பிலிருந்து கண் எடுக்காமல்.

ஒரே வழிதான் இருந்தது. தாரணி எதிர்காற்றில் ஒரு மொபெட்டை முந்த முடிவு செய்தாள். அது ஒன்றும் அவ்வளவு பெரிய வீரம் இல்லை. கௌரம்மாவைச் சுமந்துகொண்டு ரோடு ஏறுகிற அந்த இடத்தில் எதிர்காற்றில் போவது அந்தச் சின்ன எஞ்சினுக்கும் சோதனைதான். மல்லப்பன் ஏற்கெனவே பாதி வெட்கத்தோடு மொபெட்டின் பெடலை மிதித்துக்கொண்டிருந்தார். தாரணி ஒதுங்கி வெளியே வந்தாள். காற்று மறுபடி கன்னத்தில் அறைந்தது. முகவாயை ஹேண்டிலில் வைத்து, மல்லப்பனின் முழங்காலையும் தன் முழங்காலையும் பார்த்துக்கொண்டே அழுத்தினாள். ஒரு பனைமரத் தூரத்துக்கு இரண்டு பேரும் சமமாகப் போனார்கள். அவர், போம்மா போ, என்று மெதுவாகச் சொன்னது பின்னால் உட்கார்ந்திருந்தவள் காதில் விழவில்லை. அந்தச் சமயம் பார்த்துக் கௌரம்மா குடையைத் திறந்தாள். அது பூவாக மேலே மடங்கி மொபெட்டைப் பின்னுக்கு இழுத்தது. தாரணி முந்திவிட்டாள்.

மிச்ச தூரத்தில் அவளுக்கு எதுவுமே ஞாபகமில்லை. ரோட்டின் தார் மட்டும் தெரிந்தது. தொடை எரிந்தது. வாயில் மண் கரகரத்தது. நின்றால் என்ன என்று ஒரு குரல் கேட்டது. நின்றால் வரமகாலட்சுமி, வாழைத்தண்டு, தாழம்பூ, நாலு தெரு, விடியற்காலம் என்று அவளே பதில் சொல்லிக்கொண்டு மிதித்தாள்.

யெல்வால் முக்கில்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

திரும்புகிற இடத்தில் ஒரு மேஜை போட்டு கிளப் செயலாளர் நஞ்சுண்டசாமி உட்கார்ந்திருந்தார். கையில் ரப்பர் ஸ்டாம்ப். யெல்வால் வந்ததற்கு அடையாளமாக ஒவ்வொரு ஆளும் நின்று புறங்கையில் முத்திரை வாங்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். மேஜைத் துணி, பேப்பர், முத்திரை மை எல்லாவற்றையும் காற்று தூக்கப் பார்த்தது. அவர் இரண்டு முழங்கையாலும் நாலைந்து கல்லாலும் மேஜையையே பிடித்துக்கொண்டிருந்தார். எழுந்து வருகிற நிலைமையில் அவர் இல்லை. பக்கத்தில் கையில் வெட்டின இளநீரோடு, கடையை விட்டு வர முடியாது என்று சொன்ன பாப்பாத்தி நின்றுகொண்டிருந்தாள்.

பாப்பாத்தி அந்த கிளப்புக்கும் பூ போடுகிறவள். முத்திரை விஷயம் அவளுக்குப் போன வாரமே தெரியும். ஆடிக் காற்றை மட்டும் நம்பி அவள் பந்தயம் கட்டவில்லை. ரப்பர் ஸ்டாம்பையும் நம்பிக் கட்டியிருக்கிறாள்.

"வா கண்ணு, எறங்கு. எளநி குடி," என்றாள் வாஞ்சையாக.

தாரணி இறங்கவில்லை. மேஜையை ஒரு சுற்று சுற்றினாள். ஓடிக்கொண்டே ஸ்டாம்ப் போடுங்கள் என்று கெஞ்சினாள். நஞ்சுண்டசாமி, நகர்கிற கையில் குத்தினால் முத்திரை அழியும், அழிந்த முத்திரை செல்லாது என்றார். இரண்டாவது சுற்று. மேற்கே திரும்பினால் காற்று நிறுத்தியது, கிழக்கே திரும்பினால் தள்ளியது. சுற்றிலும் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் பார்க்க ஆரம்பித்தார்கள். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பம் இல்லை, மரம் இல்லை. பின்னாலேயே வந்து சேர்ந்த ரேஸ் சைக்கிள்காரன் இறங்கி, கையை நீட்டி, முத்திரை வாங்கிக்கொண்டு போயே போய்விட்டான்.

மூன்றாவது சுற்றில் தாரணி நேராக அம்மாவை நோக்கி வந்தாள்.

பாப்பாத்திக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ஒரு அடி நகர்ந்தால் போதும். மகள் சாய்வாள், கால் தானாக ஊனும், வரமகாலட்சுமி பத்திரம். அவள் வலது கால் நகரக்கூட ஆரம்பித்தது. அதற்குள் தாரணி பிரேக்கைப் பிடித்து, வலது கையை நீட்டி, அம்மாவின் தோளில் முழு பாரத்தையும் போட்டுவிட்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு பலமான காற்றும் வந்து சைக்கிளைத் தூக்கியது.

பாப்பாத்தி இளநீரைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்தாள்.

"விழுந்து பல்ல ஒடச்சுக்காதடி, சனியனே. குடு, கையக் குடு அவருகிட்ட."

தாரணி இரண்டு பெடலிலும் கால் வைத்தபடி, அம்மாவைக் கட்டிக்கொண்டு, இடது கையை மேஜைக்கு நீட்டினாள். நஞ்சுண்டசாமி நிதானமாக மையில் தோய்த்து, நிதானமாகக் குத்தி, ஊதியும் விட்டார். எங்கேயும் அழியவில்லை. அந்த நேரம் முழுக்கப் பாப்பாத்தி பல்லைக் கடித்துக்கொண்டு, காற்றையும் மகளையும் கிளப்பையும் மாறி மாறித் திட்டியபடி சைக்கிளை நேராகப் பிடித்திருந்தாள். பிறகு, தான் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, கிழக்கே திருப்பி ஒரு தள்ளும் தள்ளிவிட்டாள்.

திரும்புகிற வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆடிக் காற்று முதுகில் கை வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தது. தாரணி நிமிர்ந்து உட்கார்ந்து, துப்பட்டாவை அவிழ்த்து இரண்டு பக்கமும் பறக்கவிட்டாள். இப்போது பாயாக விரிந்தால் நல்லதுதானே. வழியில் எதிரே தள்ளிக்கொண்டு வந்த மொபெட்டுக்குக் கை காட்டினாள். கௌரம்மா அப்போதும் செருப்பைத்தான் பார்த்தாள். கிரண் ஓடி முடித்தபோது அவர்கள் டீம் நாலாவது. கிளப்பில் நாலாவதுக்குப் பரிசு வைக்கவில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை.

சாயங்காலம் மொஹல்லா வீட்டில் பஞ்சாயத்து. கால் ஊனவில்லை, ஆனால் ஆள் பிடித்ததால் அது செல்லுமா என்று கௌரம்மா ஒரு சந்தேகத்தைக் கிளப்பினாள். பிடித்த ஆளே பாப்பாத்திதான் என்று தெரிந்ததும் அவளே சிரித்துவிட்டாள். கருப்புசாமி அபூர்வமாகப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, செல்லும் என்றார். பாப்பாத்தி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். கன்னடக்காரர்களுக்கு ஆஷாடம் முடிந்துவிட்டது, நாம் இருப்பது மைசூர், ஊரோடு ஒத்து வாழ வேண்டாமா, இதைத்தானே நான் முதலிலிருந்தே சொல்கிறேன் என்றாள். கருப்புசாமி மறுபடி பேப்பரை விரித்தார்.

ரத்தினவேல் முடி சீவி, துண்டு இல்லாமல், முழு முகத்தோடு வாசலில் வந்து நின்றான். தாரணி அவனைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பாப்பாத்தி நடுவில் வந்து மாப்பிள்ளை கையில் பெட்டியைக் கொடுத்தாள். அதன் மேல் ஒரு மல்லிகைப் பந்தையும் வைத்தாள்.

"மாப்ள, வரமகாலட்சுமி அன்னைக்கு விடியறதுக்கு முந்தி ரெண்டு பேரும் கடைக்கு வந்துருங்க. நீங்க மேக்கால தெருவெல்லாம் பாத்துக்குங்க, இவ கெழக்கால போவா. உங்க சைக்கிள்ல கேரியர் பெருசுதான?"

"பெருசுதானுங் அத்தை," என்றான் ரத்தினவேல், என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமலே சந்தோஷமாக.

தாரணி அவன் காலை மிதித்தாள். அதற்குள் அவன் ஒப்புக்கொண்டாகிவிட்டது.